“போமட் பண்ணினா சரியாகிடும் சேர்”



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் கம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும், அதிலும் என்னைப் போல ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு, உதவும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். யாரையும் குற்றம் சொல்ல அல்ல. குற்றம் யாருடையது என்று கேட்டால், பெரிய பங்கு என்னுடையதுதான்.

டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் படுத்துவிட்டது. 2015இல் வாங்கியது. போட்டால் வட்டம் சுற்றும், நீலத் திரை வரும், தானாக அணைந்து மறுபடி எழும்பும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, சிபியூவை ஒரு பழைய சாரனில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி என்னிடம் படித்தவர்தான். போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாக் கடையிலும் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னார்:

“போமட் பண்ணினா சரியாகிடும் சேர்.”

கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். அதை மறைத்தால் அவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். “டீ டிரைவில இருக்கிறதை நான் தொட மாட்டேன். சீ டிரைவில முக்கியமா ஏதும் இருக்கா சேர்?” என்று கேட்டார்.

“இல்ல தம்பி. என்ட எல்லாம் டெஸ்க்டொப்பிலதான் இருக்கு” என்றேன்.

அவர் அதை எப்படி விளங்கினாரோ தெரியாது. கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டினார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணினி தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே நெற்றியில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டெஸ்க்டொப் என்பது தனி இடம் அல்ல. அது சீ டிரைவுக்குள் இருக்கிற ஒரு போல்டர். நாம் தனியாக மாற்றி வைத்தால் ஒழிய, டொகியுமன்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சீ டிரைவுக்குள்தான் இருக்கின்றன. சீ டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும்போது முதலில் போவது இவைதான். திரையைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆகவே அதுதான் பாதுகாப்பான இடம் என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வாசல் திண்ணையில் நகைப்பெட்டியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய மாதிரி.

மறுநாள் 2,500 ரூபாய் கொடுத்துக் கம்பியூட்டரை எடுத்து வந்தேன். பளிச்சென்று வேகமாக எழும்பியது. டெஸ்க்டொப்பில் குப்பைத்தொட்டிப் படம் மட்டும் இருந்தது.

போனவற்றைச் சொல்கிறேன். பத்து வருடத்து வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், புள்ளிப் பட்டியல்கள். பரவாயில்லை, திரும்பச் செய்யலாம். பிள்ளைகளின் படங்கள். பாதி போனில் இருக்கின்றன. ஆனால் ‘வாப்பா’ என்று பெயர் வைத்த ஒரு போல்டர் இருந்தது. அதைத் திரும்பச் செய்ய முடியாது.

எங்கள் பூர்வீகம் மன்னார் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, 70,000க்கும் அதிகமான சனம் சுமக்க முடிந்ததை மட்டும் சுமந்துகொண்டு வெளிக்கிட்டது. அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது எனக்கு எட்டு வயது. உம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் காணி உறுதி, எங்கள் பிறப்பத்தாட்சிகள், நாலைந்து போட்டோ. வீடு, கிணறு, மரம் எல்லாம் அங்கேயே.

2016இல் ஒரு ரமழான் மாதம், வாப்பாவை உட்கார வைத்து என் போனில் அவருடைய பேச்சைப் பதிவு செய்தேன். ஊரைப் பற்றி. எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணற்றுத் தண்ணி உப்பு, எது குடிக்கலாம், கல்யாண வீட்டில் யார் சமைப்பார்கள், கடல் எந்த மாதத்தில் எப்படி இருக்கும். மொத்தம் ஏழு பதிவுகள். கடைசியில் படகு ஏறிய நாளைப் பற்றி அவர் சொல்ல வெளிக்கிட்டு, நிறுத்தி, தண்ணி கேட்டுக் குடித்து, திரும்பத் தொடங்குவார். அந்த இடைவெளியும் பதிவில் இருந்தது. 2019இல் வாப்பா மௌத்தாகிவிட்டார். போன் மாறியது. பதிவுகள் டெஸ்க்டொப்பில் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1990இல் துவக்குக்கு முன்னால் உம்மா துணிப்பையை விடவில்லை. 2025இல் யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சரி, அழுதது போதும். இதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு இப்படி நடக்கக்கூடாது.

முதலாவது, அழித்த உடனே எல்லாம் போய்விடுவதில்லை. சாதாரணமாகச் செய்கிற விரைவு போமட்டில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற பட்டியல்தான் அழிகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரி. பக்கங்கள் உள்ளே கிடக்கும். ஆனால் அந்தப் பக்கங்களின் மேலேயே புதிய விண்டோஸ் எழுதப்படுகிறது. பிறகு ஒஃபிஸ், பிரவுசர், அப்டேட் என்று நாம் ஏற்ற ஏற்ற மேலும் மேலும் எழுதப்படும். ஆகவே தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே கம்பியூட்டரை நிறுத்துங்கள். “எதற்கும் ஒருக்கா தேடிப் பார்ப்போம்” என்று இன்டர்நெட்டில் எதையாவது இறக்கி அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள். நான் செய்த இரண்டாவது தவறு அதுதான். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்பியூட்டரில் மாட்டி, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் தேட வேண்டும். எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் வாய்ப்பு இன்னும் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடும்.

எனக்குத் தேடித் தந்தது பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள். மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வாப்பாவின் குரல் அதில் இல்லை.

இரண்டாவது, எங்களுக்கு போமட் தேவையாகவே இருக்கவில்லை. இரண்டு கிழமையில் அதே நீலத் திரை திரும்ப வந்தது. இந்த முறை கடைக்குப் போகாமல், ஐசிடி படிப்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. பிறகு மூடியைத் திறந்து ரெம்மைக் கழற்றிக் காட்டினார். தங்க நிறப் பற்களில் பச்சை படிந்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இரும்புக் கேற்றையே இரண்டு வருடத்தில் தின்கிற உப்புக்காற்று ரெம்மை விடுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். பாதி நோய் அங்கேயே போனது.

மின்வெட்டும் ஒரு காரணம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அத்தோடு 900 மெகாவாட் நுரைச்சோலை நின்றுபோய், அடுத்து வந்த நாட்களிலும் வெட்டு. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற புகைபோக்கி எங்கள் பக்கம் தெரிகிறது, விளக்கின் அடியில் இருட்டு என்பது போல எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க் அடிவாங்கும். பத்து வருடம் எத்தனை அடி வாங்கியிருக்கும்!

ஆக நோய் டிஸ்க்கில், ரெம்மில். மருந்து விண்டோஸுக்கு. எதற்கெடுத்தாலும் போமட் என்பது எங்கள் ஊர்களில் ஒரு பழக்கமாகிவிட்டது. கடைக்காரத் தம்பிமாரிலும் முழுப் பிழை இல்லை. நோயைத் தேட இரண்டு மணித்தியாலம் போகும். அதற்கு நாம் காசு கொடுக்க மாட்டோம், “பார்த்ததுக்கு என்ன காசு?” என்று கேட்போம். போமட் பண்ணினால் கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆகவே அவர்கள் அதைச் செய்கிறார்கள். பார்த்துச் சொல்வதற்கும் ஒரு கூலி உண்டு என்று நாம் ஏற்றுக்கொள்ளாத வரை, நமக்குக் கிடைக்கப்போவது போமட்தான்.

மூன்றாவது, ஆசிரியர்களுக்கு. நான் டீ டிரைவில் வைத்திருந்த கொஞ்ச வினாத்தாள்கள் தப்பின. ஆனந்தமாகத் திறந்தேன். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. பதறிவிட்டேன், வைரஸ் என்று. வைரஸ் இல்லை. பாமினி.

நாம் வருடக்கணக்காக பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள். அதில் கம்பியூட்டர் சேமிப்பது தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளை. பாமினி என்கிற முகமூடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். விண்டோஸைத் துடைத்தபோது முகமூடியும் போய்விட்டது. பாமினியைத் திரும்ப ஏற்றினால் எழுத்து வரும், உண்மைதான். ஆனால் நாளைக்கு அந்த எழுத்துரு இல்லாத ஒரு கம்பியூட்டரில், ஒரு போனில், நம்முடைய வினாத்தாள் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே தமிழ் யுனிகோட் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பழைய வினாத்தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைப்போம். விசைப்பலகை பழக ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும். நானும் இப்போதுதான் பழகுகிறேன். இந்தப் பதிவே அப்படி அடித்ததுதான், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன்? ஏனென்றால் இனிமேல்தான் இது பெரிதாக வரப்போகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கம்பியூட்டர் வேலை செய்யும், ஆனால் வழமையான பாதுகாப்பு அப்டேட் வராது. பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு மாறுவோம் என்றால் அது எல்லாக் கம்பியூட்டரையும் ஏற்காது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய செகன்ட்ஹேண்ட் லெப்டொப்கள் பல இதற்குள் வராது. ஆகவே கடைகளில் வரிசை நிற்கும். போமட் நடக்கும். பலருடைய டெஸ்க்டொப் வெறுமையாகும்.

புதிய லெப்டொப்காரர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 பல லெப்டொப்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும். அதைத் திறக்கிற 48 இலக்கச் சாவி, எந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் முதலில் நுழைந்தோமோ அதில் போய் இருக்கும். கடையில் அவசரத்துக்கு அவர்களுடைய ஈமெயிலைப் போட்டுத் திறந்து தந்தால், உங்கள் வீட்டுச் சாவி கடையில். ஆகவே உங்கள் சொந்த ஈமெயிலைக் கொடுங்கள், பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள்.

இன்னொன்றையும் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. லெப்டொப்பைக் கடையில் கொடுக்கும்போது வீட்டுப் பெண்பிள்ளைகளின் போட்டோ, கல்யாண அல்பம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஒரு துண்டுச் சீட்டுக்கூட வாங்குவதில்லை. ஒருவருடைய பொருளைக் கையில் வாங்கினால் அது அமானிதம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். கம்பியூட்டரின் தகரப் பெட்டி மட்டும்தானா அமானிதம்? உள்ளே இருப்பதும்தான். கடை வைத்திருக்கிற தம்பிமாரிடம் உரிமையோடு கேட்கிறேன்: அழிப்பதற்கு முன் ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “டெஸ்க்டொப், டொகியுமன்ட்ஸ், டவுன்லோட்ஸ், எல்லாம் அழியும், சம்மதமா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சீ டிரைவ், டீ டிரைவ் என்று கேட்டால் என்னைப் போன்ற சேர்மாருக்கு விளங்காது.

சிலர் சொல்வார்கள், “இப்ப யார் சேர் கம்பியூட்டர்ல வைக்கிறது? எல்லாம் கிளவுட்லதானே” என்று. நல்லதுதான், நானும் இப்போது வைக்கிறேன். ஆனால் கூகுளில் இலவசம் 15 ஜிபி, வன்ட்ரைவில் 5 ஜிபி. கல்யாண வீடியோ ஒன்றுக்கே காணாது. டேட்டாவுக்குக் காசு வேண்டும். பாஸ்வேர்ட் மறந்தால், பதிந்த சிம் நம்பர் மாறினால், கதவு பூட்டினதுதான். ஒரு இடத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் பாடம், அது டெஸ்க்டொப்பாக இருந்தாலும் சரி, கிளவுட்டாக இருந்தாலும் சரி.

இன்னும் சிலர், “நீங்களே பழகலாமே, இதெல்லாம் ஒரு வேலையா?” என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பாடசாலையிடமும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் பணிசெயல் முறைமை என்றால் என்ன, அதன் தொழிற்பாடுகள் யாவை என்று பாடமாக்கி எழுதுகிறார்கள். புள்ளியும் கிடைக்கிறது. உயர்தரத்தில் ஜிஐடி பரீட்சையும் இருக்கிறது. ஆனால் பணிசெயல் முறைமையைத் தன் கையால் ஒருதரமாவது நிறுவிப் பார்த்த பிள்ளை வகுப்பில் எத்தனை பேர்? கணினி ஆய்வுகூடத்தில் பழுதான கம்பியூட்டர்கள் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. ஏற்கனவே பழுதானதைப் பிள்ளை தொட்டால் என்ன குறையப் போகிறது? அவற்றில்தான் பிள்ளைகள் பழக வேண்டும். எட்டு ஜிபி பென்ட்ரைவ் ஒன்று போதும். அதில் விண்டோஸையோ லினக்ஸ் மின்டையோ ஏற்றி, பூட் பண்ணி, டிஸ்க்கைப் பிரிக்கிற அந்தத் திரை வரும்போது எதை அழிக்கிறோம் என்று நிதானமாக வாசித்து அழுத்தப் பழக்க வேண்டும். ஒரு பிள்ளை ஒருதரம் செய்தால், அந்த வீட்டில் யாரும் சீ டிரைவ் தெரியாமல் கடையில் போய் நிற்க மாட்டார்கள்.

நான் பழகிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். புது டிஸ்க் வாங்கி, ஐசிடி ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நானே லினக்ஸ் மின்ட் போட்டேன். பழைய கம்பியூட்டருக்கு அது போதும், காசும் இல்லை, களவுப் பிரதியும் இல்லை. முதல் தரம் முழு நாள் போனது. பிரின்டர் வேலை செய்யவில்லை, அதற்கு இன்னொரு நாள். மனைவி “இதுக்கு 2,500 குடுத்தது மலிவுதானே” என்றார். லேசான வேலை என்று பொய் சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்பியூட்டர் நன்றாக வேலை செய்கிற நாளிலேயே முக்கியமான போல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பென்ட்ரைவிலோ பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். டித்வா புயல் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணி வந்தது என்று பார்த்தோம். ஒரே அலுமாரியில் இரண்டு பிரதி இருந்தால் இரண்டும் சேர்ந்து நனையும். கம்பியூட்டர் எழும்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் பென்ட்ரைவால் எழுப்பி, கோப்புகளை வெளியே எடுக்கலாம். “முதல்ல எடுத்துத் தாங்க, பிறகு போமட் பண்ணுங்க” என்று கடையில் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுங்கள். எடுத்ததை நீங்களே திறந்து பார்த்த பிறகு மட்டும் “அழியுங்க” என்று சொல்லுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, அவரவர் பென்ட்ரைவோடும் லெப்டொப்போடும் வரச்சொல்லி, பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். உயர்தரப் பிள்ளைகள் உதவி செய்வார்கள். பார்ப்போம் என்றிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், நடந்தால் இங்கேயே திகதி போடுகிறேன். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் யோசியுங்கள். எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு ஊரின் மிச்சம் இந்த மாதிரிப் போல்டர்களில்தான் இருக்கிறது.

வாப்பாவின் ஏழு பதிவில் இரண்டு திரும்பக் கிடைத்தன. கம்பியூட்டரிலிருந்து அல்ல. முன்னொரு நாள் ராத்தாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அனுப்பியதே எனக்கு நினைவில்லை. ராத்தா அழிக்காமல் வைத்திருந்தார். “வாப்பாட குரல எப்படிடா அழிக்கிற?” என்று கேட்டார். ஒன்று கிணறுகளைப் பற்றியது. மற்றது கல்யாண வீட்டுச் சமையல். படகு ஏறிய நாள் இல்லை.

அந்த இரண்டையும் இப்போது நாலு இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாரிடமாவது மற்ற ஐந்தில் ஒன்று இருந்தால், தயவுசெய்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பழைய போனை ஒருதரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள். குரல் தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.